ஆரோ அண்ணாச்சி ஒட்டிவந்த அம்புகள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. மூன்று பிள்ளைகளை ஒண்டியாக வளர்த்து ஆளாக்கினேன். நாலாவதாக, ஐம்பத்து மூன்றாம் வயதில், ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரை வளர்க்க எடுத்தேன். அவர் கண்ணில் பட்டு, குறை சொல்லப்படாமல் தப்பித்த பொருள் திருப்பூரில் ஒன்றுகூடக் கிடையாது.

இருபது வருஷம் நான் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்த பனியன் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறொரு கம்பெனியில் செக்கிங் மேசைக்குப் போனேன். தைத்து வந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்; கம்பெனிப் பேச்சில் அதற்கு ‘ஆரோ’ என்று பேர். சட்டை சரியாகித் திரும்பி வந்தால் செக்கிங் ஆள்தான் அதை உரிக்க வேண்டும். வேறு யார் உரித்தாலும் செல்லாது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கோவில்பட்டிப் பக்கம். சொந்தத் தையல்கடை நொடித்து, சம்சாரமும் போய்ச் சேர்ந்து, தனியாளாக வந்தவர். கம்பெனி முழுக்க அவரை ‘ஆரோ அண்ணாச்சி’ என்றது. நான் மட்டும் ‘ஏனுங்க’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டிக்கர் சுருள் எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கும். டீக்கடையில் விளிம்பு உடைந்த கிளாசுக்கு ஒன்று. உள்ளே வேகாத போண்டாவுக்கு ஒன்று. பல்லடம் பஸ்ஸில் கிழிந்த சீட்டுக்கு நான்கு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்த நாளில் முதலாளியின் சட்டையிலேயே ஒட்டிவிட்டார். மூன்றாவது பட்டன் தொங்கியதாம். மேனேஜர் வெலவெலத்துப் போனார். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, கூட ஒரு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒருநாள் மத்தியானம், நான் பங்கு கொடுத்த தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு, என் டப்பா மூடியில் ஒட்டினார்.

“ஏனுங்க, அதுல என்னங்க குறை?”

“உப்பு இல்ல. நேத்தும் இல்ல. வீட்டுல ஒங்கள யாரும் சாப்ட்டியளான்னு கேக்க மாட்டாவளோ?”

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படிக் கேட்க இருந்த என் வீட்டுக்காரர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த வருஷம், சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மிச்ச நாளைக்கும் சேந்தே சாப்பிடலாமான்னு கேக்கேன்.”

“மூத்தவன்கிட்டக் கேளுங்க. அவன் வேண்டாம்னா எனக்கும் வேண்டாமுங்க” என்றேன் வீறாப்பாக.  மகனை விட்டுவிட்டு எனக்குக் கல்யாணம் வேண்டாம். இவரை விட்டுவிட்டு மறுபடி உப்பில்லாத சோறும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கதவைத் திறந்த என் மகன் அப்படியே நின்றுவிட்டான். வழுக்கையில் ஒன்று, ஆடுகிற முன்பல்லில் ஒன்று, வேட்டிக்கு மேல் முழங்காலில் ஒன்று, இடது காதில் ஒன்று. நான்கு சிவப்பு அம்புகள்.

“என்னங்க கோலம் இது?”

“எல்லாக் கொறையையும் காட்டிட்டேன் தம்பி. பொறவு மறச்சிட்டேன்னு சொல்லப்பிடாது. இந்தக் காது சுத்தமாக் கேக்காது.”

மகன் என் பக்கம் திரும்பினான். “ஏம்மா, உங்க கம்பெனில ஒரு பீசுல இத்தனை டாமேஜ் இருந்தா என்னங்க பண்ணுவீங்க?”

நான் எழுந்து போய் வழுக்கையில் இருந்ததை உரித்தேன். பல்லில் இருந்தது ஈரத்தில் தானே விழுந்துவிட்டது. குனிந்து முழங்காலில் இருந்ததையும் உரித்தேன். அவனும் பனியன் கம்பெனிக் காசில் வளர்ந்தவன்தான். யார் உரித்தால் செல்லும் என்று அவனுக்குத் தெரியும்.

காதுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

“அதை உட்ருங்கம்மா” என்றான். “எந்தப் பக்கம் நின்னு பேசறதுன்னு எங்களுக்கும் தெரியோணுமில்லீங்க.” பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது பக்கமாக வந்து, “உக்காருங்க” என்றான்.

திருமுருகன்பூண்டிக் கோவிலில் மாலை மாற்றினோம். என் மாலையில் வாடியிருந்த ஒரு பூவுக்கு ஐயர் முன்னாலேயே அம்பு ஒட்டினார். அடுத்த மாதம் கம்பெனியை விட்டுவிட்டு, வாசலில் இரண்டு மேசை போட்டு, சட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தோம். அவர் குறை பார்ப்பார். நான் நூல் வெட்டுவேன். மத்தியானம் சாதத்தில் உப்பு இருக்கும்.

நான் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை இதை எழுதி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. பிழை இருந்தால் அவர் அம்பு ஒட்டட்டும். உரிக்க நான் இருக்கிறேன்.

கண்ணு, எழுதினதை ஒருக்கா சத்தமாப் படி சாமி. எங்கிட்ட வேண்டாம். தாத்தனுக்கு வலது பக்கமாப் போய் நின்னு படி.