அப்பா பழத்துக்கு மாறினார்

எங்கள் அப்பா ஒரு விஷயத்தை வீட்டுக்குள் சொன்னால் அது பேச்சு. மாடிப்படியில் நின்று சொன்னால் அது தீர்மானம். அன்றைக்கு மாடிப்படியில் நின்றார்.

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல அடுப்பு எரியாது! பழம், காய், கொட்டை. எல்லாம் பச்சையா! பால் கிடையாது, தயிர் கிடையாது, முட்டை கிடையாது!"

கீழ் வீட்டுக்காரர் வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். மேல் மாடியில் பஸ் ஓட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். நான் டிரைவரக்கா என்பேன். அவர் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு முடியணும்னுதாம்மா இது!"

அப்பாவுக்கு உடம்பெல்லாம் நன்றாகவே முடியும். முடியாதது சமையல். அம்மா ஒரு பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறார். வீடு வந்து சேர இருட்டிவிடும். அதனால் ராத்திரிச் சமையல் அப்பா பொறுப்பு என்று போன வருஷம் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு முடிவானது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அந்தரத்தில் தொங்கும் லிஃப்ட்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பார். வெங்காயம் நறுக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பார்.

நான் சமைக்கலாமே என்பீர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு மொபைல் கடையில் சேர்ந்துவிட்டேன். அதோடு எனக்குச் சமையல் வராது. வராது என்று நான் ஒத்துக்கொள்கிறேன். அப்பா அதற்குப் பதில் ஒரு கொள்கை கண்டுபிடித்தார்.

அந்தக் கொள்கைக்கு உள்ளே ஒரு திட்டம் இருந்தது. என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"குட்டி, உங்கம்மாவுக்கு ராத்திரி சூடா சாப்பிடாட்டி தூக்கம் வராது. ரெண்டு நாள் பொறு. 'நீங்க பழம் தின்னுங்க, நான் எனக்கு ஏதாவது பண்ணிக்கறேன்'னு அவளே அடுப்படிக்குப் போயிடுவா. பண்ணா ஒருத்திக்கா பண்ணுவா? கொஞ்சம் சாப்பிடுங்கன்னு கெஞ்சுவா. அவ மனசு நோகக் கூடாதேன்னு நானும்..."

"தட்டை நீட்டுவீங்க."

"என் பொண்ணுடீ நீ! வாயைத் திறக்காதே."

நான் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அம்மா வந்ததும் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொள்கையை அறிவித்தார். சண்டைக்குத் தயாராக நாலைந்து பதில்களையும் வைத்திருந்தார். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்ல யோசனைங்க."

"என்னது?"

"நல்ல யோசனைன்னேன். நானும் மாறிடறேன். இப்பவே அடுப்பை எடுத்துடலாம்."

"எடுக்கணுமா? அது பாட்டுக்கு ஒரு ஓரமா..."

"கண்ணுல பட்டா மனசு அலையுங்க. மாடி வீட்டு அடுப்புல ஒரு பக்கம் எரியலையாம். அவங்களுக்குக் குடுத்துடலாம். சிலிண்டரையும் சேர்த்து. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க, உங்க பேச்சுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

பேச்சுக்கு மரியாதை என்றதும் அப்பா மடங்கிவிட்டார். அடுப்பை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தான்.

மறுநாள் காலை படுக்கையிலிருந்தே கை நீட்டினார். "டீ."

"டீயா? கொதிக்க வெச்சதுங்க அது. பால் வேற இருக்கு."

நீட்டிய கையில் ஒரு பப்பாளித் துண்டு வந்து உட்கார்ந்தது. டீயை யோசிக்காமல் கொள்கை வகுத்த மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முகம், லிஃப்ட் பாதியில் நின்றுபோனவர் முகம் மாதிரி இருந்தது.

அடுப்பு போன மேடையை அம்மா அன்றைக்கு மூன்று தடவை துடைத்தார். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். குழாய், தொட்டி, நீளமான மேடை, புகை வெளியே போக ஒரு விசிறி, வெளிச்சத்துக்கு ஜன்னல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தமாக ஒரு நாற்காலி போட்டு முடி வெட்ட வேண்டும் என்று அம்மா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "இந்த வீட்டுல எங்க இடம் இருக்கு?" என்று அப்பாவும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இடம் இல்லைதான். அப்பா கொள்கை வகுக்கும் வரை இல்லை.

அந்த வாரமே நாற்காலி வந்தது. அம்மா வேலை செய்யும் பார்லரில் கழித்துப் போட்டது.

"இது எதுக்கு?"

"அடுப்படி சும்மாதானே கிடக்கு. தெரிஞ்சவங்க ரெண்டு பேருக்கு வெட்டிவிடலாம்னு. ஆனா இது மேல ஏற மாட்டேங்குது. ஆளைக் கூப்பிடணும்."

"ஆளா? நான் எதுக்கு இருக்கேன்?"

"வேண்டாங்க. இதுல பம்பு இருக்கு. உங்களால ஆகாது."

பாவம் அப்பா. பத்துப் பேரை ஏற்றி இறக்கும் லிஃப்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் போய் 'ஆகாது' என்றால்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே நாற்காலியைக் கழற்றி, எண்ணெய் போட்டு, மாட்டினார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து மேலும் கீழும் போய் வந்தார்.

"பார்த்தியா? வெண்ணெய் மாதிரி போகுது!"

"வெண்ணெய் பேச்சை எடுக்காதீங்க. அது பால் சமாச்சாரம்."

அதன் பிறகு எங்கள் அடுப்படியில் தலைகள் கழுவப்பட்டன. குழம்புக் கிண்ணத்தில் சாயம் கலந்தார்கள். அப்பா தர்பூசணி வெட்டக் கத்தி எடுக்கப் போனால், "கொஞ்சம் இருங்க, உள்ள ஆள் இருக்காங்க" என்று குரல் வரும். தர்பூசணியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பார்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். மலிவு என்று ஒரு வாழைத்தாரை முழுசாகத் தூக்கி வந்திருந்தார். அது ஒன்றுவிடாமல் ஒரே நாளில் பழுத்தது. கறுப்பதற்குள் தின்றாக வேண்டும். பழத்தை அப்பா தின்றதாகத் தெரியவில்லை, பழம்தான் அப்பாவைத் துரத்தியது. பேண்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. கனவில் உருளைக்கிழங்கு வறுவலோடு பேசினார். நிஜமாகவே பேசினார், நான் கேட்டேன்.

அம்மா மட்டும் வாடவே இல்லை.

"உனக்கு மட்டும் எப்படி தாங்குது?"

"எல்லாம் மனசுதாங்க."

அம்மாவுக்கு எப்படித் தாங்குகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் மாடியிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை இறங்கி வந்தது. அப்பா மூக்கை உயர்த்தினார். ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாருமில்லாத வீட்டைப் பார்த்து, "மாடியில ஏதோ சத்தம், பார்த்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாராம்.

வீட்டில் ஏன் யாருமில்லை என்றால், நாங்கள் மாடியில் இருந்தோம். நடுவில் எங்கள் அடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் தட்டோடு அம்மா, பக்கத்தில் தட்டோடு நான், அந்தப் பக்கம் கரண்டியோடு டிரைவரக்கா.

"பிடிச்சேன்!" அப்பாவின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "சத்தியத்தை மீறிட்டே! இனிமே நானும் சாப்பிடலாம்!"

"நான் எப்பங்க சத்தியம் பண்ணேன்? இந்த வீட்டுல அடுப்பு எரியாதுன்னு சொன்னது நீங்க. இது அவங்க வீடு."

"மாறிடறேன்னு சொன்னியே!"

"மாறிட்டேனே. கீழேயிருந்து மேலே மாறிட்டேன்."

டிரைவரக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா ஸ்பேனர் பையை இறக்கினார்.

"சரிம்மா. தோத்துட்டேன். பழம் போதும். அடுப்பைக் கீழே கொண்டு போயிடலாம்."

அம்மா சிரிப்பை நிறுத்தினார். தட்டையும் கீழே வைத்தார்.

"எங்கங்க வைக்கறது? நாளைக்கு அஞ்சு பேர் வராங்க. பார்லர்ல இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. கொண்டு போகலாம் என்று அப்பா இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அம்மா ஒத்துக்கொண்டிருப்பார். நாற்காலி தெருவுக்குப் போயிருக்கும்.

அப்பா அம்மாவின் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சாயம். அடுப்பைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

"அந்தக் குழாய் உயரம் பத்தலை. தலை கழுவிவிட்டு நீ முதுகைப் பிடிச்சுக்கறே, பார்த்தேன். நாளைக்கு உயர்த்தி மாட்டித் தரேன். அடுப்பு இங்கேயே இருக்கட்டும்."

அம்மா சட்டென்று ஒரு தட்டை எடுத்துச் சூடாகச் சோறு போட்டு, வறுவலை அள்ளி வைத்தார். அப்பா சாப்பிட்ட விதத்தைப் பற்றி எழுத மாட்டேன். என் அப்பா அவர்.

பாதித் தட்டு காலியானதும் டிரைவரக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

"அண்ணே, இங்க சாப்பிடறவங்க ஆளுக்கு ஒரு வேலை செய்வோம். அக்கா எங்க எல்லாருக்கும் முடி வெட்டறாங்க. உங்க பாப்பா பாத்திரம் கழுவுது. இதுவரைக்கும் நான் சமைச்சேன். நாளையிலேர்ந்து எனக்குச் சாயங்கால ஷிஃப்ட்."

"அதுக்கென்ன," என்றார் அம்மா, அப்பாவுக்கு இன்னொரு கரண்டி வறுவல் வைத்தபடி. "அவருக்கு ராத்திரிச் சமையல் நல்லா பழக்கம்."

அப்பாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். வறுவலைப் பார்த்தார். உட்கார்ந்தே இருந்தார்.

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு வீடும் சேர்ந்து ஏழே பேர்தாண்ணே," என்றார் டிரைவரக்கா. "ஞாயித்துக்கிழமை மட்டும் என் நாத்தனார் குடும்பமும் வரும், அவங்க ஆறு பேர்."