பதினேழாம் கட்டம்

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி விபத்து என்பது 1983 வரை ஆரணி மக்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவித்த பெருமை ஓர் அரசு அலுவலகத்தைச் சேரும்.

எங்கள் ஊர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது அப்போது பெரிய மோஸ்தர். நடந்து போகிற தூரத்துக்கும் பஸ்ஸில் போனால்தான் அது படிப்பு. அந்த மஞ்சள் பஸ்ஸைப் பதினோரு வருஷமாக ஓட்டியவர் தருமன். பதினோரு வருஷமும் தற்காலிக டிரைவர்.

எங்கள் தெரு நெசவுக்காரர் தெரு. காலையில் பட்டுப் பாவை, அதாவது தறிக்கான நீள இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை சரிபார்த்துச் சுருட்டுவோம். அதுவரை சைக்கிள்கூட உள்ளே வர முடியாது. தருமன் தெருமுனையில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஹாரன் அடிக்க மாட்டார், அதிர்ச்சியில் எவன் கையாவது இழையை இழுத்துவிடும் என்று. பஸ் பத்து நிமிஷம் தாமதம் என்று நாங்களே புகாரும் சொல்வோம்.

அந்த வருஷம் அவருடைய மகள் ரேணுகாம்பாளுக்குச் சேத்துப்பட்டில் வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "அப்பாவுக்கு வேலை நிரந்தரமா?" தை வரை பொறுப்பதாகவும் சொன்னார்கள்.

வேலையை நிரந்தரமாக்கக் கேட்டுத் தருமன் அந்த அரசு அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். அலுவலர் பன்னீர்செல்வம் இருபத்திரண்டு கட்டங்கள் உள்ள படிவத்தோடு நேரில் வந்தார்.

"பதினேழாம் கட்டம் காலியா இருக்குதே?"

"அது விபத்து விவரங்க. நமக்கு ஒண்ணும் கிடையாதுங்க."

"கிடையாதுன்னு எழுத முடியாது. தேதி, இடம், டிரைவர் எடுத்த நடவடிக்கை. மூணும் வேணும்."

"விபத்தே நடக்கலியே சார்."

"நடந்தாத்தானே நீ அப்போ இன்னா பண்ணுவேன்னு அரசாங்கத்துக்குத் தெரியும்?"

தருமன் யோசித்தார். கேள்வி நியாயமாகவே பட்டது. பள்ளித் தாளாளரான ரைஸ் மில் இராஜமாணிக்கமும் வருந்தினார். "இதுக்கு முன்னாடி இருந்த டிரைவரு மாசத்துக்கு ஒண்ணு மோதிகினு இருந்தான். அவசரப்பட்டு அவனை அனுப்பிட்டோம்."

ஆகவே, அலுவலர் முன்னிலையில், உயிர்ச்சேதமற்ற, சிறிய அளவிலான விபத்து ஒன்றை ஞாயிற்றுக்கிழமை காலை நடத்துவது எனத் தீர்மானிக்கப்பட்டது. மரத்தில் மோதலாம் என்றார்கள். மரம் வேறு துறையைச் சேர்ந்தது. ஓர் ஆட்டின் மேல் மோதலாம் என்றால் அதன் சொந்தக்காரர் ஒப்பவில்லை. கடைசியில் எங்கள் தெருமுனையில் ஒரு காலித் தார் டிரம்மை நிறுத்தினார்கள்.

தருமன் சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸை எடுத்தார். டிரம்முக்கு ஒரு சாண் முன்னால் பஸ் நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடி ஒரு சாண். மூன்றாம் முறை அரைச் சாண்.

"இன்னாய்யா, ஒரு டிரம்மை மோதத் தெரியல. நீயெல்லாம் பதினோரு வருஷ டிரைவரா?"

"கால் கேக்க மாட்டேங்குது சார். தானா பிரேக்குக்குப் போய்டுது."

"நகரு. நான் காட்டறேன்."

அலுவலருக்கு ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போன அனுபவம் உண்டு. பஸ் டிரம்மை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் பாய்ந்தது. அன்று தெருவில் இருந்தது என்னுடைய பாவு. அரக்குப் பட்டு, கல்யாணச் சேலைக்கானது. பாதி இழைகளை அறுத்து பம்பரில் சுற்றிக்கொண்டு, பஸ் விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது.

நான் கஞ்சிக் கையோடு ஓடினேன். அலுவலர் இறங்கினார். சட்டையைத் தட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"தேதி, இன்னைக்கு. இடம், இந்தத் தெரு. டிரைவர், தருமன்."

"நான் ஓட்டலியே சார்!"

"உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா, வேணாமா?"

தருமன் பம்பரில் சுற்றியிருந்த பட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாவு போச்சேண்ணே."

"பாவு போனா போவுது தருமா. பொண்ணு கல்யாணம் நடக்கட்டும்" என்றேன்.

தெருவில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பவன் நான்தான். ஆகவே சாட்சியும் நானே எழுதினேன்: 'தருமன் பஸ்ஸை ஓட்டி வந்து மோதியதை நேரில் கண்டேன்.' டிரைவர் எடுத்த நடவடிக்கை என்ற இடத்தில் அலுவலர் 'வருந்தினார்' என்று எழுதினார். அந்தப் படிவத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். பஸ்ஸுக்கு மாலை போட்டோம். தட்டு மாற்ற நாள் குறித்தார்கள்.

அதற்கடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் நடந்தது. அரிசிக்கடை அனந்தம்மாள் எழுந்தார்.

"ஆக்சிடென்ட் பண்ண டிரைவர நம்பி எப்படிங்க புள்ளைங்கள அனுப்பறது? மத்த ஊர் ஸ்கூல்ல எல்லாம் ஒரு கேஸும் இல்லாத டிரைவருங்களா வெச்சிருக்காங்க."

"அன்னிக்கு ஓட்டினது அவரு இல்லியேம்மா" என்று யாரோ முனகினார்கள்.

"படிவத்துல அவர் பேரு இருக்குதா, இல்லியா?"

இருந்தது. ஓட்டியவர் அவர் இல்லை என்று சொன்னால் பதினேழாம் கட்டம் காலியாகும். காலியானால் நிரந்தரம் ரத்தாகும். ஆகவே அவருடைய நன்மையை உத்தேசித்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, அவரை நீக்கக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட்டோம். மனுவை எழுதியது நான். விசாரணைக்கு வந்த பன்னீர்செல்வம் பதினேழாம் கட்டத்தைப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட ஆளை எவன் நிரந்தரமாக்கினான் என்று கோபப்பட்டார்.

தருமன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சேத்துப்பட்டிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை. புது டிரைவர் ஜெயவேல் தற்காலிகமாகச் சேர்ந்தார். விபத்து ஒன்றும் இல்லாதவர். தெருமுனைக்கு வந்ததும் ஹாரனை அழுத்தினால் பாவைச் சுருட்டும் வரை கையை எடுக்க மாட்டார்.

ஒரு நாள் காலை, அந்த ஹாரன் சத்தத்துக்கு நடுவில், தருமன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு மனு எழுதணும். அன்னிக்கு நான் ஓட்டலைன்னு."

"எழுதிடலாம் தருமா" என்று பேனாவைத் திறந்தேன். "சாட்சிக்கு யாராவது இருக்காங்களா?"