வலைக் கவுன்

மூன்று தண்ணீர் மாற்றி அலசியும் கவுனிலிருந்து மீன் வாடை போகவில்லை.

புதுமடம் மாஷிதா ராமநாதபுரத்தில் ஃபேஷன் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ‘உங்கள் மண்ணை உடுத்துங்கள்’ என்பது செய்முறைத் தேர்வின் தலைப்பு. அவள் மண்ணை விட்டுவிட்டுக் கடலை எடுத்துக்கொண்டு, ஹமீது மாமாவின் பழைய நண்டு வலையில் தரை தொடும் கவுன் ஒன்று தைத்திருந்தாள். போன முறை இதே பாடத்தில் தோற்றவள். நாளையும் தோற்றால் மூன்றாம் ஆண்டு கிடையாது.

“வலை முடிய மாமா வீட்டுலயே சும்மா சொல்லிக்குடுப்பாகளேடி. இதுக்கா தெனம் பஸ் ஏறிப் போற?” என்றாள் உம்மா சல்மா.

“அங்க கலர் வீல், டிரேப்பிங், மூட் போர்டு எல்லாம் சொல்லித்தர்றாக உம்மா.”

“நாத்தம் போக்கச் சொல்லித்தரலையா?”

“அது சிலபஸ்ல இல்ல.”

எலுமிச்சம்பழம் தேய்த்தாள். கவுன், வறுக்கத் தயாரான மீன்போல் மணத்தது. வாசலில் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. அத்தர் தெளித்தாள். கல்யாணப் பந்தியில் மீன் குழம்பு கொட்டியதுபோல் ஆயிற்று. பூனை மூன்றானது. சாம்பிராணி போட்டாள். தணல் பட்டு, இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வலை உருகிப் போனது.

“இது என்னடி ஓட்டை?”

“சுறா கடிச்ச எடம்னு எழுதிக்கிறேன்.”

கடைசியில் உம்மாவே சமையல் சோடாவும் வினிகரும் கலந்து, சாயங்காலம்வரை ஊறப்போட்டு, காயவைத்து முகர்ந்தாள். “இப்ப வாடையே இல்ல.”

“நம்ம வீட்டு மூக்குக்கு என்னைக்கு மீன் வாடை தெரிஞ்சிருக்கு?”

வாசலில் பூனைகளைக் காணோம். அவற்றுக்கும் அலுத்திருக்கும் என்று மாஷிதா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தேர்வு அறைக்குள் நுழைந்து பொம்மைக்குக் கவுனை மாட்டியவளுக்கு உயிரே போய்விட்டது. அறை முழுக்க வாடை. பக்கத்தில் நின்ற நாகஜோதி துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். “ஏண்டி, தைச்சியா, புடிச்சியா?”

தேர்வாளர் சென்னைக்காரர். காலையில் ராமேசுவரத்தில் தீர்த்தமாடிவிட்டு நேராக வந்து, மாணவிகளுக்கு முன்பே அறையில் உட்கார்ந்திருந்தார். யாருடைய தையலையும் அவர் திருப்பிப் பார்க்கவில்லை. “கான்செப்ட் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

“சார், வாடைக்கு மன்னிச்சுக்கங்க…” என்று ஆரம்பித்தாள் மாஷிதா.

அவர் கையுயர்த்தித் தடுத்தார். கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார்.

“எல்லாரும் கண்ணுக்குத் தைக்கிறாங்க. நீங்க மூக்குக்குத் தைச்சிருக்கீங்க. இந்த வாடை மட்டும் இல்லேன்னா இது வெறும் கிழிஞ்ச வலை. ஃபெயில்தான் போட்டிருப்பேன்.”

தொண்ணூற்றெட்டு போட்டுச் சிவப்பு மையில் கையெழுத்திட்டார். ‘மூக்குக்குத் தைத்தல்’ என்று அருகில் நின்ற துறைத்தலைவி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், அடுத்த ஆண்டுப் பாடத்தில் சேர்க்க.

தேர்வாளரின் டிரைவர் வேல்ராஜ் கதவோரம் எட்டிப் பார்த்தார்.

“சார், காரு நாறிடும்னு கையோட கொண்டாந்தீகளே, பாம்பன் கருவாட்டுப் பையி, அது உங்க நாற்காலிக்கு அடியிலதான் இருக்கு. இப்பவாச்சும் டிக்கியில வச்சிரவா?”