நெங் சூ வாங் உயிரோடிருக்கிறார்

வாக்காளர் பட்டியலில் நெங் சூ வாங் செத்துப்போயிருந்தார். பட்டியலுக்கு முன்னால் கைத்தடியோடு நின்றுகொண்டும் இருந்தார்.

"இறந்துட்டார்னு போட்டிருக்கே," என்றாள் வாக்குச்சாவடியாக்கியிருந்த பள்ளிக்கூடத்தில் மேசையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்.

மொழிபெயர்த்து உதவ வந்திருந்த பாஹுவாவுக்குச் சுருக்கென்றது. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில், லாவோஸிலிருந்து வந்து குடியேறிய, இங்கிலீஷ் தெரியாத ஹ்மோங் இனப் பெரியவர்கள் ஐம்பது பேரையாவது ஓட்டுப் போட வைத்தவள் அவள். பாஷை தெரியாதவரென்றால் உயிரோடு புதைத்துவிடுவார்களா? அதுவும் ஒரே குலம், பெரியப்பா முறை.

கிழவர் குடியுரிமைத் தேர்வில் நாலு தரம் தோற்று ஐந்தாம் தரம் தேறியவர். இப்போது கல்லீரலில் புற்று. அடுத்த தேர்தலைப் பார்க்கமாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு ஓட்டுப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"போதும் மகளே, வீட்டுக்குப் போயிடலாம்," என்று அவர் மனைவி பாஹுவாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருங்க பெரியம்மா. வாங் குலத்துல பொறந்துட்டு பயந்து ஓடறதா?"

பாஹுவாவுக்குக் கோபம் வந்தால் நல்ல இங்கிலீஷ் வரும். அடையாள அட்டையை நீட்டினாள். போதாது என்றார்கள். சண்டை போட்டாள். மேலதிகாரி வந்தார். அதிகாரி பேரைச் சொல்லிக் கேட்பாராம்; கிழவர் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டுமாம்.

"நெங் சூ வாங் நீங்கதானா?"

கிழவர் மனைவியைப் பார்த்தார். "ம்," என்றார்.

"கேக்கலையாம் பெரியப்பா. செத்தவர் மாதிரி முனகினா செத்தவர்னுதான் எழுதுவாங்க. வாய்விட்டுச் சொல்லுங்க!"

"நான்தான்."

"இன்னும் சத்தமா!"

"நான்தான் நெங் சூ வாங்! இங்கதான் இருக்கேன்!"

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பெரியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று பாஹுவா நினைத்தாள்.

பட்டியலைத் திருத்தினார்கள். கிழவர் ஓட்டுப் போட்டார். பாஹுவா அதோடு விடவில்லை. இனி எந்தக் காகிதத்திலும் அவர் சாகக் கூடாதென்று, வீட்டு விலாசத்தோடு ஒரு மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிழவர் சிரித்த முகத்தோடு காரில் ஏறிக்கொண்டார்.

"பெரியப்பா செத்துட்டார்னு எழுதிக் குடுத்த பாவி எவன் பெரியம்மா? கண்டுபிடிச்சு உள்ள தள்ளாம விடமாட்டேன்."

"நான்தான் மகளே," என்றாள் பெரியம்மா. "நோய் முத்தினதும் சாமியாடி அவருக்கு வேற பேரு வெச்சாரு. பழைய பேரைத் தேடிக்கிட்டு சாவு வந்தா, அந்த ஆளு எப்பவோ போயிட்டாருன்னு கவர்மெண்டே சொல்லித் திருப்பி அனுப்பிடும்னு இருந்தேன்."