மூன்று ஹேண்டில்பாரும் உன் அண்ணியும்

உட்ரெக்ட்,
செவ்வாய், விடாத தூறல்.

அன்புத் தம்பி ருட்கருக்கு, அண்ணன் எவர்ட் எழுதுவது. என் இடது மணிக்கட்டைத் தவிர இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் நலமா?

ஊருக்குள் ஓட்ட எந்த ஹேண்டில்பார் நல்லது என்று கேட்டிருந்தாய். மூன்றையும் அனுபவித்தவன் சொல்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், நாற்பது வருஷமாக நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிய பழைய வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, நேரான அகலமான ஒன்றை மாட்டினேன். "சைக்கிள் சொன்ன பேச்சு கேக்கும் சார்" என்றார் கடைக்கார ஹெர்மன். கேட்டது. ஆனால் சனிக்கிழமைச் சந்தையில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது அது பக்கத்துச் சைக்கிளின் பிரேக் கம்பியில் மாட்டி, நான் இழுக்க, வரிசையாகப் பதினோரு சைக்கிள் சாய்ந்தன. "எல்லாத்தையும் நிமித்திட்டுப் போங்க பெரியவரே, நான் எண்ணி வெச்சிருக்கேன்" என்றாள் பூக்கடைக்காரி.

அடுத்து, ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழே வளைந்தது. வேகம் அபாரம். குனிந்தே ஓட்டுவதால் முன்னால் போகிறவரின் பின்சக்கரம் மட்டும்தான் தெரியும். ஒருநாள் உன் அண்ணி டினேக்காவோடு மீன் வாங்கிக்கொண்டு வாய்க்கால் ஓரமாகத் திரும்பும்போது, அவளுடையதைப் போன்ற சிவப்பு மட்கார்டைப் பார்த்து, அவள்தான் என்று பேசிக்கொண்டே பின்னால் போனேன். பதிலே வரவில்லை, அது வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு வீட்டு முற்றத்தில் சக்கரம் நின்றது. முன்பின் தெரியாத அம்மாள். "இவ்ளோ தூரம் பேசிட்டு வந்துட்டீங்க, உள்ள வாங்க" என்று ஒரு காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். மரியாதைக்குக் குடித்தேன்.

திரும்பி வந்தால் வாய்க்கால் ஓரம் ஒரே கூட்டம். படகுக்காரர் இருவர் கழியால் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். நானும் எட்டிப் பார்த்து, "யாருங்க விழுந்தது?" என்றேன்.

"யாரோ எவர்ட்டாம். கெழவனாம்."

கூட்டத்தின் நடுவில் டினேக்கா, மழையில் நனைந்து போய், கையில் மீன் பொட்டலத்தோடு. திரும்பிப் பார்த்தபோது என்னைக் காணாமல், வாய்க்காலில் விழுந்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டாளாம். என்னைப் பார்த்ததும் திட்டவில்லை, தம்பி. என் சட்டைக் கையைப் பிடித்தவள் வீடு வரை விடவில்லை. இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

மறுநாளே பழையதை மாட்டிவிட்டேன். ஆகவே, பக்கத்தில் வருகிறவர் முகம் தெரிகிற ஹேண்டில்பாரே உத்தமம். அதையே வாங்கு. பின்காற்று உனக்கு எப்போதும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் எவர்ட்

பி.கு: ருட்கர், நான் டினேக்கா. அந்த ஆட்டுக்கொம்பு வீணாப் போகுதேன்னு என் சைக்கிள்ல மாட்டிக்கிட்டேன். குனிஞ்சு ஒரு மிதி மிதிச்சா உங்க அண்ணன் பேசறது எதுவுமே காதுல விழல. தாராளமா அதையே வாங்குங்க.