பாக்கியத்தின் கழுத்துக்குக் குஞ்சு பல்பு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வாத்தியார் வராத நாட்களைக் கழித்தால் நாலரைதான். கொட்டாம்பட்டியில் கீற்றுக்கொட்டகை போட்டு ஐம்பது கோழிக்குஞ்சுகளோடு தொழிலை ஆரம்பித்தேன். முதல் மழையில் கொட்டகை விழுந்தது. அடுத்த வருஷம் நோய் வந்து கோழி மொத்தமும் போனது. இன்றைக்கு மூன்று பெரிய ஷெட், காளவாசலில் தீவனக் கடை, அதற்கு மேலே மாடி வீடு. எல்லாம் என் ஒருத்தன் மூளை. எந்த இன்ஜினியரையும் நான் கேட்டதில்லை. (கேட்டிருந்தால் மாடிப்படி இம்புட்டுச் செங்குத்தாக இருந்திருக்காது என்பாள் என் மனைவி பாக்கியம்.)

அந்தப் படியில்தான் வினை. பாக்கியத்துக்குப் பதினோரு வருஷமாகத் தைராய்டு குறைவு. விடிந்ததும் ஒரு மாத்திரை. என்ன போட்டும் ரத்தச் சோதனையில் டி.எஸ்.எச். எண் இறங்கவில்லை. (தைராய்டு குறைந்தால் அது ஏறுமாம்.) போன வருஷம் பாதிப் படியில் உட்கார்ந்து, "நீங்க போங்க, நா வாரேன்" என்பாள். கால் மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். "அடுத்த சோதனையிலயும் இறங்கலைன்னா மாத்திரையைக் கூட்டணும். இதயம் தாங்குமான்னும் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அந்த வாரம் போனில் ஒரு வீடியோ. யாரோ ஒரு பெண் சிவப்பு வெளிச்சத்துக்கு முன்னால் கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தைராய்டுக்கு நல்லதாம். விலையைப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. குஞ்சுகளுக்குச் சூடு போட ஷெட்டில் நாங்கள் தொங்கவிடும் சிவப்பு பல்புதானே இது! ஒன்றைக் கழற்றி வந்து நாற்காலிக்கு எதிரே மாட்டி, பாக்கியத்தை உட்கார வைத்தேன்.

"மாத்திரையை நிறுத்திரு" என்றேன்.

"சரிங்க" என்றாள். (முப்பது வருஷத்தில் ஒரே தடவையில் அவள் சரி சொன்னது அன்றைக்குத்தான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.)

"கழுத்து பொரியுதுங்க."

"அப்ப வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"நா என்ன கோழியா? தள்ளி வைங்க."

தள்ளி வைத்தேன். இன்னொரு சட்டமும் போட்டேன். புதுக் குஞ்சு வந்து இறங்கினால் முதலில் வெறும் தண்ணீர்தான், கொஞ்ச நேரம் கழித்துத்தான் தீவனம். அது தொழில் விதி. அதன்படி, எழுந்ததிலிருந்து ஒரு மணி நேரம் பாக்கியத்துக்குத் தண்ணீர் மட்டும். காப்பி கிடையாது.

இரண்டு மாதத்தில் படியில் உட்காராமல் ஏறினாள். சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். பல்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, ராஜநடையாகக் கிளினிக்குக்குப் போனேன். காத்திருந்த ஏழெட்டுப் பேருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். "மாத்திரையை எல்லாம் தூக்கி வீசுங்க" என்றேன். கீழக்குயில்குடிக்காரம்மா ஒருத்தர் மருந்துச் சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டே கேட்டார்: "எத்தனை வாட்டுண்ணே?"

உள்ளே டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, "நல்லா இறங்கியிருக்கே" என்றார். நான் பல்பை மேசைமேல் வைத்தேன்.

"மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசமாச்சுங்க. எல்லாம் இதோட வேலை."

டாக்டரம்மா பாக்கியத்தைப் பார்த்தார். பாக்கியம் மஞ்சப்பையைப் பார்த்தாள்.

"நிறுத்தலைங்கம்மா. இவுக பல்பு மாட்டுற நேரத்துல அடுப்படியில போட்டுக்குவேன்."



"வேற என்ன மாத்துனீங்க?"

"காப்பிதான். முன்ன மாத்திரையக் காப்பி ஊத்தித்தான் முழுங்குவேன். இப்ப தண்ணி. காப்பி ஒரு மணி நேரம் கழிச்சு."

"அதைத்தானே நா முதல் நாளே எழுதிக் குடுத்தேன்? காப்பி மாத்திரையை உடம்புல சேர விடாதுன்னு சொன்னேனே."

"இவுகளுக்கு அஞ்சரைக்கெல்லாம் காப்பி வேணும். தனியாக் குடிக்க மாட்டாக."

பதினோரு வருஷம். அவளைப் படியில் உட்கார வைத்தது என் ஐந்தரை மணிக் காப்பி.

டாக்டரம்மா விடவில்லை. "எந்த வெளிச்சமும் மாத்திரைக்குப் பதில் ஆகாதுங்க. உங்க பல்பு வெறும் சூடு. கழுத்து வெந்துபோயிருந்தா என்ன பண்ணுவீங்க? வெளிய நீங்க பேசுனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. போயி நீங்களே மாத்திச் சொல்லுங்க."

போனேன். ஊரில் எத்தனையோ பஞ்சாயத்துப் பேசிய வாய், "யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்று சொல்வதற்குள் மூன்று தடவை தொண்டையைச் செருமியது.

"அப்ப அந்தப் பல்பு?" என்றார் கீழக்குயில்குடிக்காரம்மா.

"கோழிக்குஞ்சுக்குத்தான்."

"வீட்டுல பன்னெண்டு குஞ்சு பொரிச்சிருக்கு. குடுங்கண்ணே." வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது வீட்டில் ஆறரைக்குத்தான் காப்பி. என் மகள் அடுப்படியிலிருந்து, "குஞ்சுகளுக்குத் தீவனம் ரெடி" என்று குரல் கொடுப்பாள். பேரன் பேத்திகள் முன்னால் வேறு. சிரித்துத் தொலைக்கட்டும்.

டாக்டரம்மா அறை வாசலில் புதிதாக ஒரு போர்டு தொங்குகிறது: மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குக் காப்பி, டீ கூடாது. கெடுத்தவன் நான்தான், இதை எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் படித்த டாக்டர் பதினோரு வருஷம் சொல்லியும் நடக்காததை, இரண்டே மாதத்தில் நடத்திக் காட்டியது யார்? அந்தப் போர்டின் கீழே என் பெயரைப் போட வேண்டும். சின்ன எழுத்தானாலும் சரி.