ஒயின் தெரிஞ்ச ஆளு

"தெரியும் சார்" என்று சொல்லி முடித்த பிறகுதான், தனக்கு என்ன தெரியும் என்று ஜெய்சன் யோசிக்க ஆரம்பித்தான்.

கப்பலூரில் உள்ள அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவன் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். நாசிக்கில் ஒரு ஒயின் கம்பெனியின் ஆர்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கிடைத்தால் அவர்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு கிளை, அதற்கு ஒரு மேனேஜர், மேனேஜருக்குத் தனி வீடு. அந்த மேனேஜர் ஜெய்சனாக இருப்பான், இல்லாவிட்டால் புரொடக்‌ஷனில் இருக்கும் அழகுபாண்டியாக இருப்பான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மீட்டிங்கில் முதலாளி சோணைமுத்து அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒயினைப் பத்தித் தெரிஞ்ச ஆளு நம்மள்ல யாருப்பா?"

"எனக்கு அந்த வாடையே தெரியாது சார்" என்றான் அழகுபாண்டி.

மற்றவர்கள் எல்லோரும் ஜெய்சனைப் பார்த்தார்கள். கிறிஸ்தவர் வீடு என்றால் ஒயின் இருக்கும் என்பது அங்கே பொது அறிவு. ஜெய்சனின் சபையிலோ திருவிருந்துக்கே திராட்சைச் சாறுதான். அதையும் அவன் மாமியார் விக்டோரியாதான் காய்ச்சி வடிகட்டுவார். ஆராதனைக்குள் அது புளித்துவிடக் கூடாது என்று ஐஸ் கட்டியோடு எடுத்து வருவார்.

ஆனாலும் ஜெய்சன் தெரியும் என்று சொல்லிவிட்டான்.

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. அப்ப நம்ம ஆளுங்களுக்கு நீயே ஒரு கிளாஸ் எடுத்துரு. வெள்ளிக்கிழமை நாசிக்காரங்க வாராங்க. அவங்க முன்னாடி ஒருத்தரும் முழிக்கக் கூடாது."

மறுநாள் காலையில் ஜெய்சன் போனில் வீடியோ பார்த்துப் படித்தான். கிளாஸைச் சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும், பிறகு யாராலும் மறுக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மனைவி ரூத் கொடுத்த காப்பியில் பழகிப் பார்த்தான்.

"காப்பியில என்ன கெடக்கு?" என்றாள் ரூத்.

"ஒண்ணுமில்ல. வாசம் பாக்குறேன்."

"இம்புட்டு நேரமாவா? பால் திரிஞ்சிருச்சா?"

"இல்ல ரூத்து. பின்னால லேசா ஒரு மரக்கட்டை வாசம் வருது."

ரூத் டம்ளரைப் பிடுங்கிக் காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். அன்று முழுவதும் வீட்டில் காப்பி இல்லை. சாயங்காலம் அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

"குடிக்கப் போறீங்களா? அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்களுக்காக உபவாச ஜெபம் வச்சிருவாங்க."

"நிபுணருங்க யாரும் குடிக்க மாட்டாங்களாம் ரூத்து. வாயில வச்சுக் கொப்புளிச்சுத் துப்பிருவாங்களாம்."

"துப்புறதுக்கா வீடு தாராங்க?"

"தாராங்க. தண்ணி மாடிக்குத் தானா ஏறுற வீடு."

ரூத் யோசித்தாள். திருநகரில் இரண்டாம் மாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அவள் இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"நல்லாத் துப்பிருங்க" என்று அனுமதி கொடுத்தாள்.

வகுப்புக்கு ஒரு பாட்டிலாவது வேண்டும். நகரத்துக்குள் எந்த மதுக்கடைக்குப் போனாலும் எதிர்ப் பக்கத்தில் சபைக்காரர் ஒருவர் நிற்பார். அதனால் அலங்காநல்லூர் வரை போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஜன்னல் முன்னால் நின்றான்.

"ஒயின் இருக்கா?"

"பிள்ளை பெத்தவங்களுக்குக் குடுக்கவாண்ணே?" என்று கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார். பிறகு மேல் தட்டிலிருந்து போர்ட் ஒயின் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார்.

"மாப்ள!" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. அழகுபாண்டி. இடுப்பில் குவாட்டர் பாட்டில் புடைத்துக்கொண்டிருந்தது. "மூஞ்சிய மறைச்ச சரி, வண்டியில இருக்குற சிலுவை ஸ்டிக்கர மறைக்கலையே!"

"ஆபீஸ் வேலைக்காக வந்தேன்டா."

"வீட்ல எல்லாரும் அதத்தான் சொல்றோம்."

"வாடையே தெரியாதுன்னு முதலாளிகிட்டச் சொன்ன?"

"ஒயின் வாடைதான தெரியாதுன்னேன்? நான் பொய் சொல்லல மாப்ள. கவலப்படாத, இந்த ரகசியம் என்னோட போகட்டும்."

அழகுபாண்டி ரகசியத்தைக் காப்பாற்றத்தான் செய்தான், தன்னுடையதை மட்டும். காலையில் லோடு ஏற்றும் ஆட்கள் ஜெய்சனுக்குப் புது மரியாதையோடு வணக்கம் வைத்தார்கள்.

"அண்ணே, எம்புட்டு அடிச்சாலும் உங்களுக்கு நாக்கு குழறாதாமே?" என்றான் ஒருவன்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் குடித்தே பழகாதவனை யார் நிபுணர் என்று நம்புவார்கள்? அளவோடு சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பு மதியத்துக்குள் முதலாளி அறை வரை போய்விட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் பேக்கிங் ஷெட்டில் வகுப்பு நடந்தது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், அதில் ஒரு ஸ்பூன் ஒயின். வீடியோவில் படித்த ஓக், பிளாக்பெர்ரி எல்லாம் யாருக்கும் புரியாமல் முதல் வரிசையிலேயே விழுந்துவிட்டன. ஜெய்சன் அவற்றை விட்டுவிட்டு, தெரிந்த பொருளுக்கு வந்தான்.

"நாவப்பழம் தின்னா நாக்கு என்ன பண்ணும்?"

"இழுத்துப் பிடிக்கும்ணே."

"அந்த இழுப்புதான் முக்கியம். அது இருந்தா ஒரு தடவை தலைய ஆட்டுங்க. கூடவே புதுப் பானைத் தண்ணி வாசம் வந்தா ரெண்டு தடவை ஆட்டுங்க. மழையில நனஞ்ச அட்டை வாசம் வந்தா மட்டும் கிளாஸைக் கீழ வச்சிரணும். ஒயின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

"அப்ப நம்ம குடோன் பூராக் கெட்டுப்போன ஒயினாண்ணே?"

சிரிப்பு அடங்கியதும் கடைசிப் பாடத்தைச் சொன்னான். "இப்ப வாயில வச்சுச் சுழட்டி, துப்பிரணும்."

ஷெட்டில் ஒருவரும் துப்பவில்லை. காசு கொடுத்து வாங்கியதைத் துப்பச் சொல்லும் ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை.

"வெத்தல கணக்காவா?" என்றாள் பேக்கிங் முனியாயி.

"அதே மாதிரிதாக்கா."

"இதுக்கா கிளாஸு எடுக்குற? நான் கல்யாணமான நாள்லருந்து துப்பிக்கிட்டுத் திரியுறேன்."

எப்படி என்று ஜெய்சனே செய்து காட்டினான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒயின் அவன் நாக்கில் பட்டது. சர்க்கரை அதிகம் போட்ட இருமல் மருந்து மாதிரி இருந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கண்ணை மூடித் தலையை மேலே தூக்கினான். ஷெட் கை தட்டியது.

வாசலில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"ஜெய்சன், உன்னைய நான் வேற மாதிரியில்ல நெனச்சிருந்தேன்" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றான் ஜெய்சன்.

வெள்ளிக்கிழமை ஹோட்டலில் விருந்து. நாசிக்கிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்திருந்தார்கள். தங்கள் சிவப்பு ஒயினைத் தாங்களே திறந்து ஊற்றினார்கள். எவர்சில்வரில் பழகிய கைக்குக் கண்ணாடி கிளாஸ் பிடிபடவில்லை. ஜெய்சன் சுழற்றிய வேகத்தில் கால்வாசி முதலாளியின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. மீதியை மோந்து பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மழை பெய்த மறுநாள் நாவல் மரத்தடியில் நிற்பதுபோல் இருக்கிறது என்றான். வாயில் வைத்துச் சுழற்றி, கை கழுவ வைத்திருந்த கிண்ணத்தில் நிதானமாகத் துப்பினான்.

பெரியவர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். எங்கள் தோட்டத்தை இப்படி ஒருவரும் சொன்னதில்லை என்றார். ஆர்டரை அங்கேயே உறுதி செய்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "கிளைக்கு இவரையே அனுப்புங்கள். தினமும் சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து குடிக்க விஷயம் தெரிந்த ஒரு துணை இல்லாமல் தவிக்கிறேன்" என்றார்.

முதலாளி சட்டையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சனிக்கிழமை ரூத் தண்ணீர்க் குடங்களைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, நாசிக் கிளைக்கு மேனேஜராக அழகுபாண்டி போகிறான் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அழகுபாண்டி அதிர்ந்துபோய் ஜெய்சனைப் பார்த்தான். ஜெய்சனும் கை தட்டினான். கைகள் தாமாகத் தட்டிக்கொண்டன. பிறகு வெளியே வந்தான்.

முதலாளியின் டிரைவர் கண்ணுச்சாமி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுச்சாமி, அந்த ஆர்டரை வாங்கிக் குடுத்தது யாரு?"

"நீங்கதாண்ணே. அன்னைக்கு விருந்து முடிஞ்சு வண்டியில போகும்போது முதலாளியும் அதச் சொல்லித்தான் வருத்தப்பட்டாரு."

"வருத்தமா? எதுக்கு வருத்தம்?"

"'தங்கமான பையன்னு இருந்தேன் கண்ணுச்சாமி, இப்படிக் குடிகாரனா இருக்கானே'ன்னு வழியெல்லாம் பொலம்பல்."



கண்ணுச்சாமி துணியைப் பிழிந்து உதறினார். "போன வருசம் பாண்டிச்சேரியில பீர் கம்பெனி பிராஞ்சுக்கு ஒரு ஆளை அனுப்புனோம்ல? அந்த ஆளத் திரும்பக் கூட்டியாரப் போனவன் நாந்தாண்ணே. கூட்டியாரல, லோடு மாதிரி ஏத்திக் கொண்டாந்தேன். அதுல சூடுபட்டவரு முதலாளி. அன்னைக்கு மீட்டிங்ல ஒயின் தெரிஞ்ச ஆளு யாருன்னு அவரு கேட்டதே, யாரை அனுப்பக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தாண்ணே."